நாற்பத்தொரு உடுப்பு, ஐந்து கதவு

சனிக்கிழமை காலை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், எங்கள் தொடர்மாடியின் நான்காம் மாடி. அலுமாரியில் இருந்ததெல்லாம் கட்டிலில் கொட்டியாயிற்று. கடற்காற்றுக்குச் சிப் துருப்பிடித்த காற்சட்டை. இரண்டு தவணைக்குள் மகன் வளர்ந்து கைவிட்ட வெள்ளைச் சேர்ட். ஒரேயொரு கலியாணத்துக்குக் கட்டிய பட்டு. லண்டன் மாமி கார்கோ பெட்டியில் அனுப்பிய, கொழும்பு வெயிலில் ஒரு மனுசராலும் போட முடியாத கம்பளிச் சுவெற்றர். எண்ணத் தொடங்கினேன். நாற்பத்தொன்று!

வழக்கமாக இந்த இடத்தில் எங்கள் வீடுகளில் ஒரு வசனம் வரும். "ஆருக்கும் குடுத்திடலாம்." அந்த 'ஆர்' யார்? எங்கே இருக்கிறார்? என் மகனின் பழைய டீ-சேர்ட்டை வாங்கி அவர் என்ன செய்வார்? இத்தனை வருடமும் எத்தனையோ பைகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன், ஒரு பைக்குக்கூட இதற்குப் பதில் தெரியாது. இந்தத் தடவை தெரிந்தே ஆகவேண்டும் என்று ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. ஒவ்வோர் உடுப்பும் எங்கே போகிறதோ, அந்த இடத்தின் பின்கதவு வரை நானும் போவது. கடையின் முகப்பு வேண்டாம், பின்னறைதான் வேண்டும்.

பெரிய உரப்பை ஒன்றை எடுத்தேன். நாற்பத்தொன்றையும் அடுக்கிக் கட்டினேன். ஓட்டோ வந்து நின்றது. வாருங்கள், நீங்களும் ஏறுங்கள்!

முதற் கதவு: தீக்குச்சி சொன்ன சாதகம்

காலி வீதியில் வெள்ளவத்தைச் சேலைக் கடைகளின் கண்ணாடிகளை எல்லோரும் பார்த்திருப்போம். அவற்றுக்குப் பின்னால் ஒழுங்கைகளுக்குள் இருக்கும் தையல் அறைகளுக்குள் எத்தனை பேர் எட்டிப் பார்த்திருப்போம்? நான் போனது பத்தடிக்கு எட்டடி அறை. ஒரு ஜூக்கி மெஷின், ஓர் ஓவர்லொக். சுவர் நிறைய நூற்கட்டைகள், பச்சையில் மட்டும் பதினொரு பச்சை! பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்தார் தையல் அக்கா. உள்ளே முழுக்கத் தெறிகள். கிழிந்து போன சேர்ட் எதையும் தெறி கழற்றாமல் அவர் விட்டதில்லையாம். ஒரே மாதிரியானவற்றை நூலில் கோத்துக் கோத்து வைத்திருக்கிறார், மாலை மாதிரி.

உரப்பையை அவிழ்த்தேன். அக்கா ஒன்றையும் விரித்துப் பார்க்கவில்லை. உடுப்பின் உட்பக்கம் மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவினார், தீப்பெட்டியை எடுத்தார்.

"முதல்ல துணி என்னெண்டு பாப்பம் தங்கச்சி. அது தெரியாமல் எங்க குடுக்கிறதெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

முதல் நூல் கடதாசி எரிவது போலச் சாதுவாக எரிந்தது, மிஞ்சிய சாம்பல் விரலில் தேய்ந்து பறந்துபோனது. "இது பருத்தி." இரண்டாவது நூல் எரியும்போது தலைமயிர் கருகும் மணம். "பட்டு." மூன்றாவது அவற்றைப் போல எரியவில்லை, சுருண்டு உருகிக் கரும்புகை விட்டு, நுனியில் கல்லுப் போல ஒரு கறுப்பு மணியாக உறைந்தது. "பொலியெஸ்டர். இது மண்ணிலும் உக்காது, தண்ணியிலும் கரையாது." அரை நிமிடத்துக்குள் மூன்று துணிகளின் சாதகம்! வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் ஒற்றை நூலை மட்டும், பீங்கானுக்கு மேலே பிடித்து, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

இந்த முழு உலாவுக்கும் திறவுகோல் அந்தத் தீக்குச்சிதான். பருத்திக்கு ஒரு வழி, பட்டுக்கு ஒரு வழி, உருகும் துணிக்கு இன்னொரு வழி. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொடுக்கும்போது இந்த வழிகள் எல்லாமே அடைபட்டுப் போகின்றன.

நான்கு உடுப்பை அக்கா எனக்கே திருப்பித் தள்ளினார். துருப்பிடித்த சிப்பைப் பிளேட் முனையால் பிரித்து எடுத்துவிட்டுப் புதுச் சிப் வைத்தார். இறுகிப்போன ஷல்வாரின் பக்கத் தையலைப் பிரித்தார். உள்ளே ஒரு விரலகலத் துணி மடிந்து கிடந்தது, வெயில் படாமல், வாங்கிய நாளின் அதே நாவல் நிறத்தில்! ஐந்து வருடமாக எனக்காக அதற்குள் ஒளிந்திருந்த ஒரு விரலகலம். கால் மணித்தியாலத்தில் சட்டை அளவாகிவிட்டது.

அடுத்து மூன்று சேலைகள். பட்டுச் சேலையின் சரிகையை நகத்தால் மெல்லச் சுரண்டினார். உள்ளே சிவப்புப் பட்டு நூல் எட்டிப் பார்த்தது. அசல் சரிகை என்றால் சிவப்புப் பட்டு நூலைச் சுற்றிய வெள்ளி இழை, அதற்கு மேல் தங்க முலாம். இந்த வெள்ளிக்காகவே பழைய பட்டுச் சேலைகளை விலைக்கு வாங்கும் கடைகள் சென்னையில் நிறைய உண்டு. சேலையை உருக்கினால் வெள்ளி மட்டும் மிஞ்சும். அக்கா விடவில்லை. "அங்கங்க மடிப்பு விட்டிருக்கு, மிச்சமெல்லாம் பத்திரமா இருக்கு. தங்கச்சியின்ர பெறாமகளுக்குப் பாவாடை சட்டை ரெண்டு தைக்கலாம்." இரண்டு பருத்திச் சேலைகளைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "நூறு தரம் தோய்ச்ச சேலை. இதை விட மெதுவான துணி கடையில கிடையாது. கீழ்மாடியில பிள்ளை பிறந்திருக்கெண்டு சொன்னனீங்கள். ஏணை கட்டக் குடுங்கோ."

ஒன்று ஏணை, மற்றது சதுரமாக வெட்டிப் பிள்ளைத் துணி. அன்றைக்குப் பின்னேரமே கீழ்மாடிக் குழந்தை அந்தச் சேலைக்குள் கிடந்து காலை உதைத்தது.

உரப்பையில் மீதி முப்பத்துநான்கு.

போகிற வழியில்: வெள்ளவத்தை மில்

ஓட்டோ ஹவ்லொக் வீதிக்குத் திரும்பும்போது ஒரு நிமிடம் இடப்பக்கமும் வலப்பக்கமும் பாருங்கள். இன்றைக்கு ஹவ்லொக் சிற்றி கோபுரங்கள் நிற்கும் காணியில்தான் ஒருகாலத்தில் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை நின்றது. நாட்டின் மிகப் பெரிய துணி ஆலை அது. 1933இல் அங்கே நடந்த வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றில் பேர்பெற்றது. தொழிலாளர் 1,400 பேர், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் மலையாளிகள், மற்றவர்கள் சிங்களவர்கள். சங்கத்தின் தலைவராக நின்றவர் இளம் வழக்கறிஞர் கொல்வின் ஆர். டி சில்வா.

எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும். இன்றைக்கு நாங்கள் துணி வாங்கும் வெள்ளவத்தை, ஒருகாலத்தில் துணி நெய்த வெள்ளவத்தை! ஒரு கெஜத் துணிக்குப் பின்னால் எத்தனை கை என்பது அப்போது இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இப்போதும் கைகள் நிறையவே இருக்கின்றன. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியதிலிருந்து ஆடை நாட்டின் முதன்மையான ஏற்றுமதிகளில் ஒன்றாகிவிட்டது. இலட்சக்கணக்கானோருக்கு, அவர்களில் பெரும்பாலும் இளம் பெண்களுக்கு, அதுதான் சம்பளம்.

இரண்டாம் கதவு: முன்பக்கம் தெறி வைத்த இரவுச்சட்டை

கொட்டாஞ்சேனை. புனித லூசியா பேராலயத்தின் குவிமாடம் வீட்டுக்கூரைகளுக்கு மேலால் தெரிகிறது. முதலில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியையின் வீடு. என் சிநேகிதி. அவருடைய சாப்பாட்டு அறை மூலையில் ஓர் அலுமாரி, திறந்தால் முழுக்க வெள்ளை! வயது எழுதி ஒட்டிய தட்டுகள்: ஆறு, ஏழு, எட்டு...

யோசித்துப் பாருங்கள், இந்த நாட்டில் அரச பாடசாலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் வெள்ளைச் சீருடை. கழுத்துப்பட்டியும் சின்னமும் மாறும், சேர்ட் மாறாது. பிரேமதாச ஜனாதிபதியாக இருந்த காலத்திலிருந்து சீருடைத் துணியை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது. ஆனால் வளரும் பிள்ளைக்கு வருடத்துக்கு ஒரு சோடி எங்கே காணும்? தைக்கிற கூலி வேறு. "ஆறாம் வகுப்புப் பெடியன் ஒருத்தன் கொலருக்குப் பின்னால புத்தகத்தை வச்சு மறைச்சபடி வருவான், அவ்வளவு பிஞ்சிருக்கும்" என்றார் சிநேகிதி. அதிலிருந்துதான் இந்த அலுமாரி. பிள்ளைகளுக்கு எல்லோர் முன்னாலும் கொடுப்பதில்லை, பெற்றோரிடம் மடித்துக் கடதாசியில் சுற்றிக் கொடுக்கிறார். நான் கொண்டுபோன ஆறு சேர்ட்டும் தட்டுகளில் ஏறின. சின்னத்தை மட்டும் பிரித்து எடுத்தோம்.

இரண்டு தெரு தள்ளி ஒரு முதியோர் இல்லம். முதல்நாளே கோல் எடுத்து என்ன வேண்டும் என்று கேட்டிருந்தேன். "கேட்டுட்டுக் கொண்டு வர்றவங்க ரொம்பக் குறைவும்மா" என்று அப்போதே சொன்னார் பொறுப்பான சிஸ்டர். நேரில் போனதும் பின்னால் இருந்த களஞ்சிய அறையைத் திறந்து காட்டினார்.

நீளமான ஒரு மேசை. வந்த பைகளை அங்கேதான் கொட்டிப் பிரிக்கிறார்கள். ஒற்றைச் சப்பாத்து, சிப் இல்லாத ஜீன்ஸ், தோய்க்காமல் கட்டி அனுப்பிய உள்ளாடை எல்லாம் வருமாம். "இதையெல்லாம் பிரிக்கவே எங்க பிள்ளைங்க ரெண்டு பேருக்கு ஒரு நாள் போகுது. அப்புறம் குப்பை கொண்டுபோக லொறிக்கும் நாங்கதான் பார்க்கணும்." குரலில் கோபமில்லை. எனக்குத்தான் நெஞ்சு கனத்தது. என் பழைய பைகளும் இப்படி ஏதோவொரு மேசையில் யாருடையவோ ஒரு நாளைத் தின்றிருக்கும்.

பிறகு சிஸ்டர் தமக்கு வேண்டிய ஒன்றை எடுத்து விரித்தார். மெல்லிய பருத்தி இரவுச்சட்டை, முன்பக்கம் கழுத்திலிருந்து இடுப்பு வரை தெறி. "கை தூக்க முடியாதவங்களுக்குத் தலை வழியா மாட்ட முடியாது. இப்படி முன்னால திறந்தா படுத்தபடியே போட்டுவிடலாம். பெரிய தெறியா இருக்கணும், விரல் நடுங்கும் பாருங்க." சாரம், துவாய், பழகி மெதுவான படுக்கை விரிப்பு: இவை எத்தனை வந்தாலும் போதாது. ஒரு தெறியின் பருமனுக்குள் இவ்வளவு கரிசனை இருக்கிறது என்று எனக்கு அன்றுவரை தெரியாது. கொண்டுபோன ஒன்பதில் எட்டை வாங்கிக்கொண்டார். கம்பளிச் சுவெற்றர் மட்டும் வேண்டாமென்றார். அங்கே சமையலுக்கு நிற்கும் அக்காவின் ஊர் ஹற்றன். "எங்க அம்மாவுக்குக் குடுங்க மிஸ், மார்கழிக் குளிருக்கு!" லண்டனில் வாங்கிய சுவெற்றர் கடைசியில் குளிருள்ள ஓர் ஊரைக் கண்டுபிடித்துவிட்டது.

கேட்காமல் கொடுக்கும் துணி என்ன ஆகும் என்பதை 2004 சுனாமி எங்கள் இரண்டு கரைகளுக்கும் காட்டியது. அக்கறையோடு அனுப்பிய உடுப்புகளில் எவ்வளவோ, எவருக்கும் பொருந்தாமல் தமிழ்நாட்டுக் கரையோரம் குவிந்து கிடந்தன. அவற்றை எடுத்துப் பிரித்து உபயோகமாக்கியது டில்லியைச் சேர்ந்த கூஞ்ச் அமைப்பு. அன்ஷு குப்தா 1999இல் அதைத் தொடங்கியபோது கையில் இருந்தவை வீட்டிலிருந்து எடுத்த 67 உடுப்புகள். பழைய பருத்தித் துணியை வெட்டிச் சுத்தம் செய்து மாதவிடாய்த் துணிகளாக்கி ஏழைப் பெண்களுக்குக் கொண்டுபோனார்கள். 2015இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது.

வேண்டாத உடுப்பு நாடுவிட்டு நாடும் போகிறது. கானாவின் தலைநகர் அக்ராவில் கந்தமந்தோ என்றொரு சந்தை இருக்கிறது. மேற்கு நாடுகள் கழித்த உடுப்பு வாரத்துக்கு ஏறத்தாழ 1.5 கோடி உருப்படி அங்கே கட்டுக் கட்டாக வந்து இறங்குகிறது. அந்த ஊரார் அதற்கு வைத்திருக்கும் பெயர், 'செத்துப்போன வெள்ளைக்காரனின் உடுப்பு'. உயிரோடு இருப்பவர் இவ்வளவு நல்ல உடுப்பை ஏன் கொடுக்கப் போகிறார் என்ற எண்ணத்தில் பிறந்த பெயர். அந்தக் கட்டுகளில் விற்க முடியாதது கடற்கரையில் ஒதுங்குகிறது.

உரப்பையில் மீதி பத்தொன்பது.

மூன்றாம் கதவு: கராஜின் பீப்பா

பஞ்சிகாவத்தை! வாகன உதிரிப்பாகங்களின் இராச்சியம். தெருவோரமெல்லாம் கதவும் கண்ணாடியும் எஞ்சினுமாகப் பிரித்து அடுக்கியிருப்பார்கள். பிரித்த பொருளுக்கு இரண்டாவது வாழ்க்கை கொடுப்பதில் இந்தத் தெருவை மிஞ்ச ஆளில்லை. நான் தேடிப்போன கராஜில் பாஸ் எஞ்சின் ஒன்றுக்குள் பாதி உடம்பை விட்டிருந்தார். மூலையில் ஒரு பீப்பா, அதற்குள் 'வேஸ்ட்'. எண்ணெய்க் கை துடைக்க, எஞ்சின் துடைக்க கராஜ்காரர் வாங்கும் கழிவு நூலுக்கும் துண்டுத் துணிக்கும் இங்கே பெயர் அதுதான். காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள்.

என்னுடைய எட்டையும் காட்டினேன். பழைய பனியன்கள், டீ-சேர்ட்டுகள், கிழிந்த படுக்கை விரிப்பு. பாஸ் ஒரு டீ-சேர்ட்டை எடுத்துக் கசக்கி, நிலத்தில் சொட்டியிருந்த எண்ணெயில் வைத்து அழுத்தினார். எண்ணெய் சட்டென்று மேலேறியது. "இது உறிஞ்சும். நல்ல சாமான்." பக்கத்தில் கிடந்த பொலியெஸ்டர் துண்டால் அதே இடத்தைத் துடைத்துக் காட்டினார், எண்ணெய் அப்படியே இழுபட்டுப் பரவியது. அக்காவின் தீக்குச்சி சொன்னதையே இங்கே எண்ணெய் சொல்கிறது!

"தெறியும் சிப்பும் கழட்டிட்டுக் கொண்டு வாங்க நோனா. பெயின்ட்டுல ஒரு கீறல் விழுந்தாக் கஸ்டமர் விடமாட்டாரு." கத்தரிக்கோல் வாங்கி அங்கேயே இருந்து எல்லாவற்றையும் கழற்றி, முழங்கை நீளச் சதுரங்களாக வெட்டிக் கொடுத்தேன். வெள்ளை நிறத் துண்டுகளை மட்டும் அவர் தனியாக ஒதுக்கினார். அவை அடுத்த தெரு அச்சகத்துக்காம், மை துடைக்க. நிறத் துணி என்றால் மை கழுவும் திரவம் பட்டுச் சாயம் கழன்றுவிடும், வெள்ளைக்கு அந்தப் பயமில்லை. தெறிகள் என் கைப்பைக்குள். பிஸ்கட் டின் காத்துக்கொண்டிருக்கிறது.

உரப்பையில் மீதி பதினொன்று.

நான்காம் கதவு: ஆணிச் சட்டமும் ஒரு குப்பை மலையும்

மறுபடியும் கொட்டாஞ்சேனை, இந்தத் தடவை புளூமெண்டல் பக்கம். ஒடுங்கிய ஒழுங்கை, ஒற்றை அறை வீடு. வாசலில் ஓர் அம்மா, மடியில் ஆணிகள் அடித்த மரச்சட்டம். கால்மிதி பின்னுகிறார். ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்து வரும் கட்பீஸைக் கிலோக் கணக்கில் வாங்குகிறார், வீட்டுப் பழந்துணி கிடைத்தால் அதையும் விடுவதில்லை. உருகும் துணிதான் இவருக்கு விருப்பம். "பருத்தி ஈரம் பிடிச்சு நாறும்மா. இது ஓடுற தண்ணியில ஒரு உதறு உதறினாக் காஞ்சிடும்."

என் பழைய லெகிங்ஸ் ஒன்றைக் கையில் எடுத்தார். நான் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் நுனியிலிருந்து தொடங்கி, தோடம்பழத் தோலைச் சுற்றிச் சுற்றி உரிப்பதுபோல் இரண்டு விரல் அகலத்தில் வெட்டிக்கொண்டே போனார். எங்கேயும் அறவில்லை. முழு லெகிங்ஸும் ஒரே ஒரு நீளப் பட்டியாகிவிட்டது! அதன் இரண்டு முனையையும் பிடித்து ஓர் இழு. ஓரங்கள் இரண்டும் தாமாகவே உள்ளே சுருண்டு, பட்டி கயிறாக மாறியது. தையலில்லை, முடிச்சில்லை. ஆணிகளுக்கிடையில் மேலும் கீழுமாகக் கயிறு ஓடியது. என் லெகிங்ஸின் கறுப்பு, யாருடையவோ சிவப்பு, தொழிற்சாலைத் துண்டொன்றின் மஞ்சள். ஏழு உருப்படிக்கும் இரண்டு கால்மிதி வருமென்றார். ஒன்றை நானே விலைபேசி வைத்தேன், இப்போது எங்கள் வாசலில் கிடக்கிறது.

அவர் வாசலிலிருந்து பார்த்தால் தூரத்தில் புல் முளைத்த ஒரு மேடு தெரிகிறது. குன்று என்றே நினைப்போம். "அது குப்பைம்மா" என்றார். நான் பேசாமல் நின்றேன்.

புளூமெண்டல் குப்பைமேடு. 2009 வரை கொழும்பின் கழிவு வந்து விழுந்த இடம். வெள்ளவத்தையில் நாங்கள் வாசலில் வைத்த பையெல்லாம் கொட்டாஞ்சேனைக்காரரின் சன்னலுக்கு நேரே மலையாக வளர்ந்தது. அங்கே நிறுத்தியதும் லொறிகள் மீதொட்டமுல்லவுக்குத் திரும்பின. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள், மீதொட்டமுல்லக் குப்பைமலை சரிந்து வீடுகளுக்கு மேல் விழுந்தது. 32 பேர் மாண்டார்கள். கைவிசேடம் வாங்கிய பிள்ளைகளும் அந்த வீடுகளில் இருந்தார்கள். குப்பை லொறி ஒழுங்கை முனையில் திரும்பி மறைந்ததும் எங்கள் கதை முடிந்துவிட்டதாக நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். அந்த லொறி இன்னொருவருடைய வாசலில்தான் போய் நிற்கிறது. இந்த அம்மாவின் வாசலில் நின்றபோதுதான் அது எனக்கு உறைத்தது.

உரப்பையில் மீதி நான்கு.

ஐந்தாம் கதவு: நெருப்பு

மிஞ்சியவை கிழிந்த உள்ளாடை மூன்றும், ரப்பர்ப் பூச்சு உரிந்து கையெல்லாம் ஒட்டும் ஒரு மழைக்கோட்டும். இவற்றை வேறு எந்தக் கதவும் ஏற்காது. நன்றாகக் காயவைத்து, சாப்பாட்டுக் கழிவோடு கலக்காமல், உக்காத குப்பை எடுக்கும் நாளில் மாநகர சபை லொறிக்குக் கொடுத்தேன்.

கொழும்புக் குப்பையில் பெரும் பகுதி இன்று கெரவலப்பிட்டிய மின்நிலையத்துக்குப் போகிறது. 2021 பெப்ரவரியில் திறந்த அந்த நிலையம் நாளொன்றுக்கு 600 முதல் 700 தொன் குப்பையை எரித்து 10 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறது. மலையாகக் குவிவதை விட இது எவ்வளவோ மேல். ஆனால் ஈரமான குப்பை எரிய முரண்டு பிடிக்கும். காயவைத்துக் கொடுப்பது அதனால்தான்.

தொழிற்சாலைத் துணிக்கும் ஒரு நெருப்பு உண்டு. உள்ளாடையும் விளையாட்டு உடுப்பும் தைப்பதில் இலங்கைக்கு உலகப் பெயர். அந்தத் துணிகளில் நைலோனும் இழுபடும் நூலும் பின்னிக் கிடப்பதால் பிரித்து மறுபடி நூலாக்குவது பெரும்பாடு. அப்படிப்பட்ட கழிவில் ஒரு பங்கு புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலைச் சூளைக்கு நிலக்கரிக்குத் துணை எரிபொருளாகப் போகிறது. சீமெந்துக் கட்டி உருவாக அந்தச் சூளைக்குள் 1,450 பாகை வெப்பம் வேண்டும். துணியின் சாம்பல்கூட வெளியே வராமல் சீமெந்தோடு சேர்ந்துவிடுகிறது.

நெருப்புக்குப் போகுமுன் துணியை மடக்கிப் பிடித்த கைகளும் இந்த ஊரில் இருக்கின்றன. ஒட்டாரா குணவர்தன 1989இல் ஏற்றுமதியில் மிஞ்சிய உடுப்புகளைத் தன் காரின் பின்பெட்டியில் வைத்து விற்கத் தொடங்கினார், அதுதான் ஒடெல் கடைகளாக வளர்ந்தது. லொனாலி ரொட்ரிகோவின் ஹவுஸ் ஒஃப் லொனாலி தொழிற்சாலைகளில் மீந்துபோன துணியிலிருந்தே புது உடுப்பு வடிவமைக்கிறது. புறக்கோட்டை நடைபாதையில் லேபல் வெட்டிய சேர்ட்டுகளைக் கிளறியெடுத்த எங்களுக்கெல்லாம் மிச்சத் துணியின் அருமை முன்பே தெரியும்.

உரப்பையை மடிக்கும் நேரம்

மூன்று சனிக்கிழமைகள். கணக்கு இதுதான்: திருத்தி மறுபடி நான் உடுத்துவது நான்கு. சேலைகள் மூன்று. சீருடை ஆறு. முதியோர் இல்லத்துக்கும் ஹற்றனுக்கும் ஒன்பது. கராஜுக்கும் அச்சகத்துக்கும் எட்டு. கால்மிதிக்கு ஏழு. குப்பைக்கு நான்கு.

இதற்குப் பெரிய செலவில்லை, கொஞ்சம் நடையும் இரண்டு தொலைபேசி அழைப்பும்தான். நீங்கள் தொடங்குவதானால் நான்கு காரியம் செய்யுங்கள். தோய்த்துக் காயவைத்து மடியுங்கள். பருத்தியையும் உருகும் துணியையும் வேறு வேறு பையில் போடுங்கள். கந்தலாகப் போகிறதில் தெறியையும் சிப்பையும் கழற்றிவிட்டு, ஆள் உடுத்தப் போகிறதில் தெறி ஒன்றுகூடக் குறையாமல் தைத்துவிடுங்கள். கொடுக்குமுன் "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேளுங்கள்.

கோயில் மண்டபங்களுக்கும் தேவாலயங்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் தொடர்மாடி நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கும் நத்தாருக்கும் பெருநாளுக்கும் புது உடுப்பு எடுக்கிறோம். அந்தப் பண்டிகைகளுக்கு முதல் வாரம் ஒரேயொரு நீள மேசை போடுங்கள். பிரிக்கத் தெரிந்த ஒரு தையல் அக்காவை உட்கார வையுங்கள், அவருடைய நேரத்துக்குச் சம்பளமும் கொடுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2025 ஜனவரி முதல் துணிக்கழிவைத் தனியாகச் சேர்க்கவேண்டும் என்பது சட்டம். எங்கள் மாநகர சபையும் மாதத்தில் ஒரு நாளைத் துணிக்கென்று ஒதுக்கலாம்.

கீழ்மாடியில் ஏணை இன்னும் ஆடுகிறது. உரப்பையைத் தோய்த்து உலர்த்தி மடித்து அலுமாரிக்கு மேல் வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் அதை இரவல் கேட்டிருக்கிறார், அடுத்த சனிக்கிழமைக்கு.